நாட்டுக்கோழிக்கு இறகு கொட்டித் தோல் சிவந்தால்: பவுடர் தூவும் முன் எங்கே பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் 12 பெட்டையும் 2 சேவலும் வைத்திருக்கிறீர்கள், எல்லாம் நாட்டுக்கோழி. ஐப்பசி பிறந்ததிலிருந்து 3 பெட்டைகளுக்கு முதுகிலும் பிடரியிலும் இறகு போய்விட்டது. இன்னொன்றுக்கு ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருக்கிறது, எந்நேரமும் அந்த இடத்தையே கொத்திக்கொண்டிருக்கிறது. முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார், உரக்கடையில் ஒரு பவுடர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டில் எதைப் போடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று எனக்குப் படுகிறது. இது சீக்கா அல்லது தானாகச் சரியாகிவிடுமா, போன மாதம் சந்தையில் வாங்கி வந்து சேர்த்த 2 கோழிகளால் வந்ததா, இந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் அது.

ஈரோடு, திருப்பூர் பக்கம் பல வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறகு கொட்டுவது ஒரு நோய் அல்ல, பல காரணங்களுக்கு அது பொதுவான அடையாளம். ஒரே பட்டியில் இரண்டு மூன்று காரணங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதுகு மொட்டையான 3 கோழிகளுக்கு ஒரு காரணமும், பொருக்குத் தட்டிய கோழிக்கு வேறொரு காரணமும் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. உடம்பில் எந்த இடத்தில் இறகு போயிருக்கிறது, போன இடத்தில் தோல் எப்படி இருக்கிறது, இந்த இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பார்க்காமல் மருந்து போட்டால் பணமும் போகும், பூச்சியும் போகாது.

பயப்பட வேண்டாததை முதலில் தள்ளிவிடுவோம். ஒன்றேகால் வயது தாண்டிய கோழி வருடத்துக்கு ஒரு முறை பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளும். பகல் நேரம் குறைந்துகொண்டு வரும் காலத்தில் இது அதிகம். நம் பக்கம் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் வித்தியாசம், ஆனாலும் கோழியின் உடம்பு அதை உணர்ந்துகொள்ளும். குளிர்நாட்டுக் கோழிகளைப் போல எல்லாம் ஒன்றாகக் கொட்டாது. அடைகாத்துக் குஞ்சோடு திரிந்த கோழி எந்த மாதத்திலும் கொட்டும். இயற்கையான உதிர்வு தலை, கழுத்தில் தொடங்கி நெஞ்சு, முதுகு, இறக்கை என்று இறங்கி வாலில் முடியும். உள்ளே பார்த்தால் உறைக்குள் சுருண்ட புது இறகு குச்சி குச்சியாக முளைத்திருக்கும், தோல் வெளிறி சுத்தமாக இருக்கும், பொருக்கோ ரத்தமோ இருக்காது. முட்டை நின்றுவிடும். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகும். இதற்கு மருந்து கிடையாது, தீவனம்தான். புதுக்குச்சியில் ரத்தம் ஓடுவதால் தொட்டாலே வலிக்கும், அந்தச் சமயத்தில் கோழியை அடிக்கடி பிடிக்காதீர்கள். அடைக்கோழிக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இறகு போய்ச் சூடாக, சற்றுச் சிவப்பாக இருப்பதும் இயல்புதான். முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படத்தான் அது.

இப்போது உங்கள் 3 கோழிகள். பிடரியும் முதுகும் மட்டும் மொட்டையாகி, நெஞ்சும் வாலும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். இது சேவல் மிதிக்கும் இடம். ஏறும்போது அலகால் பிடரியைக் கவ்வும், காலால் முதுகைப் பிறாண்டும். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது சரியான கணக்கு. 12 பெட்டைக்கு 2 சேவல் என்றால் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு, பயந்து ஓடாத பெட்டைகளையே திரும்பத் திரும்ப மிதிக்கும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் வராமல் 3 கோழிக்கு மட்டும் வந்திருக்கும். உறுதிப்படுத்திக்கொள்ள அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒடிந்த கட்டைகள் குத்தினால் சேவல் வேலை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒடிந்த இறகு அடுத்த உதிர்வு வரை வளராது, வேரோடு பிடுங்கப்பட்டதுதான் சில வாரத்தில் முளைக்கும். ஆகவே சேவலைப் பிரித்த பிறகும் முதுகு உடனே மூடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு சேவலைத் தனியே அடையுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். இன்னொன்றின் கால் முள் நுனியை அரம் வைத்து மழுக்குங்கள், ஆழமாக வெட்டினால் ரத்தம் கொட்டும். தோல் கிழிந்திருக்கும் கோழிக்குக் கெட்டியான காடாத் துணியில் முதுகை மூடுமளவு ஒரு துண்டு தைத்து, இரண்டு இறக்கைக்கும் வளையம் வைத்து மாட்டிவிடலாம். வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள், துணிக்கு அடியில் பேன் சேரும்.

கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது இன்னொரு காரணம். இதில் வால் அடியும் பின்பக்கமும் முதலில் போகும், ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை அங்கேயே கொத்தும். நாள் முழுக்கத் தோட்டத்தில் மேயும் கோழிக்கு இது குறைவு. மழையில் ஒரு வாரம் அடைத்துப் போட்டால் வந்துவிடும். இடநெருக்கடி, உப்புக் குறைவு, புரதக் குறைவு மூன்றுமே இதைத் தூண்டும். இறகு கிட்டத்தட்ட முழுவதும் புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அதற்கு அதிகம் வேண்டும். சோளமும் கம்பும் மட்டும் போட்டால் பத்து சதவீதப் புரதத்தைச் சுற்றித்தான் கிடைக்கும். கொட்டும் காலத்தில் 16 முதல் 18 சதவீதமாவது தேவை. கடலைப் புண்ணாக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அந்த அமிலங்களில் ஒன்றான மெத்தியோனின் அதில் குறைவு, மழையில் பூசணம் பிடித்தால் நஞ்சும் ஆகிவிடும். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு, கொஞ்சம் கலந்து கொடுங்கள். உப்பு ஏறாத கருவாட்டுத் தூளும், பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுக் கவிழ்த்து எடுக்கும் கரையானும் இதற்கு மிக நல்ல தீவனம். நம் பாட்டிமார் குஞ்சுக்குக் கரையான் எடுத்துப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது உங்கள் நான்காவது கோழிதான். ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பு, பொருக்கு, ஓயாத கொத்தல், அதோடு சந்தையிலிருந்து வந்த புதுக்கோழிகள். இதைப் பூச்சி என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் எந்தப் பூச்சி என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கக் கூடாது. பேன், செல்லு, தெள்ளு, உண்ணி என்று நாம் கலந்து சொல்லும் இவை ஒவ்வொன்றும் குடியிருக்கும் இடம் வேறு. சில கோழி மேலேயே வாழும், சில சுவரில் வாழ்ந்து இரவில் மட்டும் கோழிக்கு வரும். கோழி மேல் இருப்பதற்குக் கூண்டைக் கழுவி மட்டும் பயனில்லை, சுவரில் இருப்பதற்குக் கோழி மேல் பவுடர் தூவி மட்டும் பயனில்லை. நான் பார்த்தவரை நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இடம் மாறிப்போனதால் வருவதுதான்.

பகலில் செய்ய வேண்டியது இது. கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, வாலுக்கு அடியிலும் இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கி வெயிலில் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் தட்டையான பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் இறகுக்குள் ஓடி ஒளிந்தால் அது பேன். இறகின் அடித்தண்டில் சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தால் அதன் முட்டை. பேன் முழு வாழ்நாளையும் கோழி மேலேயே கழிக்கும், முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வர ஏறக்குறைய மூன்று வாரம் எடுக்கும், கோழியை விட்டு விழுந்தால் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். ஓடுவது பேனை விடச் சிறியதாக, மிளகுத்தூள் அளவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருந்து, ஆசனவாயைச் சுற்றிய இறகு அழுக்குப் பிடித்துக் கறுத்துப்போய், உங்கள் கையிலும் ஏறி அரித்தால் அது கோழி மேலேயே தங்கும் செல்லு. அடைக்கோழியின் கூடையில் இது பெருகும். நீங்கள் சொல்லும் பொருக்கு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கரும்பழுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பதிந்து, பிய்த்தாலும் வராமல் இருந்தால் தெள்ளு. அது நாயிடமும் பூனையிடமும் இருக்கும், அவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இரவில் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். கோழி அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தையும், அது சுவரில் செருகிய இடத்தையும் பாருங்கள். கட்டைக்கு அடியில் மாலையிலேயே ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். சிவப்புச் செல்லு பகல் முழுக்கப் பொந்திலும் ஓட்டு இடுக்கிலும் கிடந்து, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும். குடிக்கும் முன் சாம்பல் நிறம், குடித்த பின் சிவப்பு. வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும், ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கொட்டகையைச் சில வாரம் காலியாகப் போட்டால் ஒழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சாயங்காலம் கோழி கூண்டுக்குள் போக மறுத்து வேப்பமரத்தில் ஏறுகிறதா? முட்டை ஓட்டில் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா? இரண்டும் இதன் அறிகுறி. பழைய மண்சுவர், ஓட்டுச் சாளை, பனங்கை விட்டம் உள்ள இடங்களில் கோழி உண்ணியும் இதே மாதிரி இடுக்கில் வாழும். அதன் குஞ்சுகள் மட்டும் சில நாட்கள் இறக்கைக்கு அடியிலும் தொடையிலும் கருநீலப் புள்ளியாக ஒட்டியிருக்கும். உண்ணியை நான் அலட்சியப்படுத்தவே மாட்டேன். அது ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும், பச்சைக் கழிச்சலோடு கோழிகள் அடுத்தடுத்துச் சாகும். பென்சிலின் வகை மருந்துக்கு அந்தக் காய்ச்சல் கட்டுப்படும், ஆனால் அதை மருத்துவர்தான் போட வேண்டும்.

கூண்டில் பூச்சி தெரிந்தால் கோழியை விடக் கூண்டுக்குத்தான் முதல் வைத்தியம். பழைய எருவையும் முட்டை வைக்கும் வைக்கோலையும் அள்ளி எரித்துவிடுங்கள். உட்காரும் கட்டைகளைக் கழற்றி வெயிலில் போட்டு, கொதிநீர் ஊற்றுங்கள். கல், சிமெண்ட், இரும்புப் பகுதிகளின் இடுக்கில் கேஸ் பர்னர் தீயைக் காட்டலாம், ஓலைக் கூரை பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாக வைக்கும் கட்டை சுவரில் செருகாமல் கால் மேல் நிற்கட்டும், அந்தக் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய டப்பாவில் வைத்தால் சுவரிலிருந்து ஏறுவது குறையும். 7 நாள் கழித்து மறுபடி ஒரு முறை, அதற்கு அடுத்த வாரம் இன்னொரு முறை. ஒரே நாளில் முடித்துவிட்டால் முட்டையிலிருந்து வருவது திரும்பப் பெருகிவிடும்.

கோழி மேல் இருக்கும் பூச்சிக்குப் பெர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் வகை மருந்து வேலை செய்யும். கோழிக்கு என்று லேபிளில் எழுதியிருப்பதை மட்டும், அதில் உள்ள அளவில், அல்லது மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் போடுங்கள். மாட்டுக்குக் கலக்கும் அளவு கோழிக்கு ஆகாது. வெயில் இருக்கும் காலையில், வாலுக்கு அடியிலும் இறக்கைக்கு அடியிலும் இறகுக்குள் படும்படி போட்டு, 10 நாள் கழித்து மறுபடி போட வேண்டும், முட்டைக்குள் இருப்பது முதல் மருந்தில் சாகாது. புண் திறந்திருக்கும் தோலில் வேண்டாம், குஞ்சுகளுக்கு வேண்டாம். இந்த மருந்து மீனுக்கும் பூனைக்கும் நஞ்சு, தொட்டியில் கையைக் கழுவிவிடாதீர்கள்.

உரக்கடைப் பவுடர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பயிருக்கு அடிக்கும் எதையும் கோழி மேல் தூவக் கூடாது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த கமாக்சின் பூச்சித்தூள் 1997லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கோழிப் பேனுக்கு வழக்கமாகப் போட்ட கார்பரில் தூள் 2018இல் தடையானது. இன்றும் பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு உண்ணி மருந்தாக வரும் ஃபிப்ரோனிலையும் தொடாதீர்கள். 2017இல் ஐரோப்பாவில் சிவப்புச் செல்லை ஒழிக்க அது கோழிப் பண்ணைகளில் கலந்து அடிக்கப்பட்டு, முட்டைக்குள் இறங்கி, லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டி வந்தது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், கோழி அதை அலகால் கோதி விழுங்கவும் செய்யும். கால் செதில் தூக்கி நிற்கும் சொறிக்குக்கூட மண்ணெண்ணெய் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, வேப்பெண்ணெயோ வாசலினோ வாரம் இரண்டு முறை தடவினால் உள்ளே இருக்கும் செல்லு மூச்சுத் திணறிச் செத்து, செதில் மெதுவாக விழும்.

நாட்டு வைத்தியம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இது தெரிந்திருக்க வேண்டும். மண் குளியல் உறுதியாகப் பயன் தரும். கோழி தானாகவே புழுதியில் புரண்டு பூச்சியைக் குறைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் புழுதி கிடைக்காததுதான் சிக்கல். கூரைக்கு அடியில் அகலமான தொட்டியில் காய்ந்த செம்மண்ணும் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வையுங்கள். கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில் புழுதித் தொட்டியில் கந்தகத் தூள் வைத்தபோது, கோழி மேல் வாழும் செல்லும் பேனும் மிக நன்றாகக் குறைந்தன. நீங்களும் கொஞ்சம் கலக்கலாம், மூச்சில் போகாமல் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கலக்குங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கிக் கட்டைகளில் அடிப்பது நல்லது. ஆனால் வீட்டில் செய்யும் வேப்பங்கரைசலின் வீரியம் ஒவ்வொரு முறையும் மாறும், பூச்சி நிறைய ஏறிய பிறகு அதை மட்டும் நம்புவது சரியல்ல. வேப்பிலைப் புகையால் இடுக்கில் கிடக்கும் செல்லுக்கு ஒன்றும் ஆகாது, கோழிக்குத்தான் மூச்சு முட்டும். புகையிலைத் தண்ணீர் கோழிக்கு நஞ்சு. சீத்தா விதைத்தூள் பேனைக் கொல்லும் என்பது உண்மைதான், கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும் என்பதும் உண்மை, பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் சொல்ல மாட்டேன்.

முட்டையைப் பற்றி: பேன், செல்லு உள்ள கோழியின் முட்டையைக் கழுவி வேகவைத்துப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், அந்தப் பூச்சிகள் முட்டைக்குள் போவதில்லை. மருந்து போட்ட பிறகுதான் கவனம் வேண்டும். லேபிளில் எத்தனை நாள் முட்டையையும் கறியையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நாள் தவிர்க்க வேண்டும். ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கோழிக்குச் சொட்டு விடுவது இப்போது பரவியிருக்கிறது. ரத்தம் குடிக்கும் செல்லுக்கு அது ஓரளவு கேட்கும், இறகைத் தின்னும் பேனுக்கு அவ்வளவு கேட்காது, முட்டையிலும் தங்கும். முட்டைக்கோழிக்கு மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

புதுக்கோழிகள்தான் கொண்டுவந்தனவா என்றால், பூச்சி இருப்பது உறுதியானால் அப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் காக்கை, மைனா, எலி மூலமாகவும் செல்லு வரும். இனி சந்தையில் எது வாங்கினாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். பேன், செல்லு, அம்மை எல்லாமே அந்த இடைவெளிக்குள் வெளியே தெரிந்துவிடும். அம்மை என்றால் கொண்டையிலும் இமையிலும் மரு மாதிரி பொருக்கு வரும், இறகு கொட்டாது. அது கொசு மூலம் பரவுவது, தடுப்பூசிதான் வழி.

படம் இல்லாமல், கோழியைத் தொடாமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இறகுத் தண்டு ஒடிந்து ஒடிந்து விழுந்து, கண்ணுக்குப் பூச்சியே தெரியாமல் கோழி தன் இறகைத் தானே பிடுங்கினால், அது தோலுக்குள் வாழும் நுண்ணிய செல்லாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொண்டை வெளுத்துப்போவது, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவது, பச்சைக் கழிச்சல், புண்ணில் ஈப்புழு, இரண்டு நாளுக்குள் ஒன்றுக்கு மேல் சாவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழையுங்கள். போகும்போது நாலைந்து இறகும், துணியில் விழுந்த பூச்சியும் மூடிய பாலிதீன் கவரில் போட்டு எடுத்துப் போனால் வேலை பாதி முடிந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடுமலைக் கல்லூரிக்கோ போகும் வசதி இருந்தால் அங்கேயும் பார்ப்பார்கள். இன்றைக்கு முதல் வேலையாக அந்தப் பொருக்குத் தட்டிய கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியே அடையுங்கள், இரவு கட்டைக்கு அடியில் துணியை விரித்துவிடுங்கள், பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.